கொட்டாங்குச்சியில் சின்ன வாசல்

மீன் வந்ததும் நேரே தொட்டிக்குள் விட்டுவிடக் கூடாது, தொட்டித் தண்ணீரைத்தான் சொட்டுச் சொட்டாக மீனிடம் கொண்டுபோக வேண்டும் என்று பிலோமினாவுக்கு முதன்முதலில் சொன்னது அவள் மகள் பெனிட்டா. சாம்பல் புதன் கழிந்து வந்த வெள்ளிக்கிழமை, கோயிலில் சிலுவைப்பாதை ஜெபம் முடிந்து வந்து பிலோமினா முக்காட்டை மடித்துக்கொண்டிருந்தபோது சொன்னாள். அன்றைக்குத் தொட்டியில் தண்ணீர் மட்டும்தான் இருந்தது, மீன் இல்லை. தவக்காலம் போய், ஈஸ்டர் போய், மாதா வணக்க மாதமான மேயும் பாதி கரைந்து, இன்றைக்குத்தான் மீன் வந்திருக்கிறது. கொளத்தூர் வண்ணமீன் சந்தையிலிருந்து பஸ் பார்சலில், தெர்மாகோல் பெட்டிக்குள், செய்தித்தாள் சுற்றின இரண்டு பைகளில், பைக்கு ஒன்றாக. இப்போது இரண்டும் கூடத்துத் தரையில் நீல வாளிக்குள் இருக்கின்றன. மேசைமேல் தொட்டி. தொட்டிக்குள்ளிருந்து ஒரு மெல்லிய டியூப் வெளியே வந்து, நடுவில் ஒரு முடிச்சோடு, வாளிக்குள் தொங்குகிறது. அந்த முடிச்சு தண்ணீரை இறுக்கிப் பிடித்துக்கொண்டு ஒரு சொட்டு விடுகிறது. யோசிக்கிறது. இன்னொரு சொட்டு விடுகிறது. வாளியின் உட்பக்கம் பெனிட்டா கறுப்பு மையால் ஒரு கோடு போட்டிருந்தாள். "இந்தக் கோடு வரைக்கும் வந்ததும் என்னைக் கூப்பிடும்மா. நான் வந்து வலையில எடுத்து விடுறேன். நீ எதையும் தொடாத. சும்மா பாத்துக்கிட்டு இரு, போதும்." சொல்லி முடிக்கும்போதே அவள் கையிலிருந்த போன் அடித்தது. பெனிட்டா திரையைப் பார்த்தாள், அம்மாவைப் பார்த்தாள், வாளியைப் பார்த்தாள். அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். தாழ்ப்பாள் போட்ட சத்தம் கேட்கவில்லை. மாப்பிள்ளை எட்வின்தான். சாயங்காலம் பேசுவார் என்று காலையிலேயே பிலோமினாவின் வீட்டுக்காரர் இன்னாசிமுத்து சொல்லிவைத்திருந்தார்.

சும்மா பார்த்துக்கொண்டிருப்பது பிலோமினாவுக்கு வராத வேலை. பால் காய்ந்தால் கிளறுவாள், பிள்ளைக்குக் காய்ச்சல் என்றால் ஈரத்துணி போடுவாள், ஒன்றும் செய்ய முடியாத இடத்தில் ஜெபமாலையாவது உருட்டுவாள், அதுவும் கைவேலைதானே. பிளாஸ்டிக் ஸ்டூலை வாளிக்குப் பக்கத்தில் இழுத்துப் போட்டு உட்கார்ந்து மாலையை எடுத்தாள். ஒரு சொட்டுக்கு ஒரு மணி என்று வைத்துப் பார்த்தாள், சரிவரவில்லை. ஒரு மன்றாட்டு முடிவதற்குள் பல சொட்டு விழுந்துவிடுகிறது. சரி, சொட்டை விட்டுவிடுவோம், மீனைப் பார்ப்போம் என்று குனிந்தாள். வாளியின் நீலத்துக்குள் இரண்டும் இரண்டு ஓரத்தில் அசையாமல் நின்றன. இதற்கா இத்தனை மாதம்! ஆண் அவள் சுண்டுவிரல் நீளம் இருக்கும், பெண் அதில் பாதிகூட இல்லை. குட்டி சிக்லிட் என்பாள் பெனிட்டா. பிலோமினாவுக்கு அந்தப் பெயர் வாயில் நிற்காது, சிக்லி என்பாள். படத்தில் ஆணுக்கு முதுகில் கிரீடம் மாதிரி முள்துடுப்பும் வாலில் சிவப்பு விளிம்பும் இருந்தன, பெண் மஞ்சள் பூசிக் குளித்த மாதிரி இருந்தது. வாளியில் இருப்பவை இரண்டும் சாம்பல் நிறம். பயத்தில் நிறம் போய்விடும், இடம் பழகினால் திரும்ப வரும் என்று சொல்லியிருந்தாள். வரட்டும். மாதாவே, நிறம் வரட்டும். பெனிட்டாவும் கிறிஸ்துமஸுக்குக் குடில் கட்டுகிற நாளில் ஒற்றைப் பையோடு விடிகாலை பஸ்ஸில் வந்து இறங்கியபோது இந்த நிறத்தில்தான் இருந்தாள். பிலோமினா வாசல் தெளித்துக்கொண்டிருந்தாள். "என்னம்மா, மாப்பிள்ளை வரலையா?" என்று கேட்டாள். "இல்லம்மா." அவ்வளவுதான் கேட்டது, அவ்வளவுதான் பதில். அதற்குப் பிறகு கேட்கவில்லை. கேட்டிருக்கலாம். காப்பி ஆற்றும்போது கேட்டிருக்கலாம், தலைக்கு எண்ணெய் வைக்கும்போது கேட்டிருக்கலாம், எத்தனை தடவை கேள்வி நாக்கு நுனிவரை வந்து நின்றது. கேட்டால் பதில் வந்துவிடும். பதில் வந்துவிட்டால் அதை இந்த வீட்டில் எங்கே வைப்பது?

சொட்டு. இன்னொரு சொட்டு. கோட்டுக்கு இன்னும் நாலு விரற்கடை இருந்தது. உள்ளே சத்தமில்லை. சத்தமில்லை என்றால் மாப்பிள்ளை பேசுகிறார் என்று அர்த்தம். தன்மையாகப் பேசுகிற பிள்ளை, குரலே உயர்த்த மாட்டார், கல்யாணத்தன்று பந்தியில் அத்தனை பேர் நடுவில், "அத்தை, நீங்க சாப்பிட்டீங்களா?" என்று கேட்டாரே. கேட்டார்தான். பெனிட்டா பொங்கலுக்கும் முழுக்கைச் சட்டை போட்டுக்கொண்டாள், மாசி வெயிலிலும் முழுக்கை, குக்கர் விசில் அடித்தால் தோளை ஒடுக்கிக்கொள்வாள். அதை நினைக்காதே. தண்ணீரைப் பார். தொட்டி வந்த கதையை நினை. பொங்கல் லீவுக்கு ஓசூரிலிருந்து வந்த மகன் அமலன்தான் வாங்கி வைத்தான். அவனுக்கு அழத் தெரியாது, ஆறுதல் சொல்லத் தெரியாது, அக்கா அறையை எட்டிப் பார்த்துவிட்டு வந்து, "எந்நேரமும் சுவரையே பாக்குறா. அதுக்குத் தண்ணியையாவது பாக்கட்டும்" என்றான். மறுநாள் ஆட்டோவில் கண்ணாடித் தொட்டி வந்தது. தொட்டி வந்தால் சாயங்காலமே மீன் வாங்கி விடுவார்கள் என்று பிலோமினா நினைத்திருந்தாள். பெனிட்டா விடவில்லை. மணல் போட்டாள், காவிரிக் குழாய்த் தண்ணீரையும் கேன் தண்ணீரையும் கலந்து ஊற்றினாள், போர் தண்ணீர் ஒரு சொம்புகூடக் கூடாது என்றாள், மோட்டார் போட்டாள், விளக்கு போட்டாள், போட்டுவிட்டு உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தாள். "தண்ணி பழுக்கணும்மா. கண்ணுக்குத் தெரியாத பூச்சிங்க அதுல குடி வரணும். அதுக்கு முன்னாடி மீனை விட்டா, அதோட அழுக்கே அதைக் கொன்னுடும்." மாதக்கணக்கில் வெறும் தண்ணீருக்கு விளக்கெரிந்தது. எதிர்வீட்டு விக்டோரியாக்கா வாசலில் நின்றபடியே எட்டிப் பார்ப்பாள். "என்ன பிலோமினா, உங்க வீட்டுல தண்ணிய வளக்குறீங்களா? தீனியெல்லாம் என்ன போடுறீங்க?" பெனிட்டா கோயில் வளாகத்துப் பாதாம் மரத்தடியில் காய்ந்த இலை பொறுக்கி வந்து தண்ணீருக்குள் போட்டாள், சாறு இறங்கி அது தேநீர் நிறத்துக்கு மாறியது. "ஆத்தீ, மீனு வர்றதுக்கு முன்னாடியே டீ போட்டு வச்சிட்டா பாரு! சக்கர கம்மியா போடச் சொல்லு, மீனுக்கும் சுகர் வந்துரும்." அன்றைக்குத்தான் பெனிட்டா சிரித்தாள். வீட்டுக்கு வந்த பிறகு முதல் சிரிப்பு. பிலோமினா அடுப்படிக்குள் போய், முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு, விக்டோரியாக்காவின் பேரைச் சொல்லி ஒரு மெழுகுவர்த்தி நேர்ந்துகொண்டாள்.

அதனால்தான் இந்த மீன் சாகக் கூடாது. பிலோமினாவுக்கு மீன் வேண்டாம், மீன் என்றால் அவளுக்குச் சட்டியில் கொதிக்கிறதுதான். ஆனால் இந்தப் பெண் இத்தனை மாதத்தில் வேண்டும் என்று கேட்டது இந்த ஒன்றைத்தான். சோறு வேண்டும் என்று கேட்கவில்லை, பூ வேண்டும் என்று கேட்கவில்லை, தண்ணீரைச் சோதிக்கிற மருந்து வாங்கி வந்து ஒரு கண்ணாடிக் குப்பியில் விட்டு ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்ப்பாள், பச்சையா மஞ்சளா என்று பிலோமினாவைக் கூப்பிட்டுக் கேட்பாள், அந்த நேரத்தில் அவள் முகம் பள்ளிக்கூடத்துக்குப் போன பெனிட்டாவின் முகம். இது செத்துப்போனால் தன் கையில் எதுவும் நிலைக்காது என்று அவள் நினைத்துக்கொள்வாள். நினைத்துக்கொண்டால் மாப்பிள்ளையோடு போய்விடுவாள். போய்விடுவாள் என்று ஏன் பயமாக வருகிறது? போகத்தானே வேண்டும், கட்டிக்கொடுத்த பெண். இன்னாசிமுத்து அதைத்தான் சொல்கிறார், இப்போதும் அதற்காகத்தான் பங்குச் சாமியாரைப் பார்க்கப் போயிருக்கிறார், இந்த மாதம் முடிகிற மாதா திருவிழாவுக்கு மாப்பிள்ளை வந்து கூட்டிப்போவதாகப் பேச்சு. செருப்பை மாட்டும்போது சொல்லிவிட்டுப் போனார்: "பிலோ, அவ பேசிக்கிட்டு இருக்கும்போது நீ குறுக்க போய் நிக்காத. கதவத் தட்டாத. புருஷன் பொண்டாட்டி பேசுறப்ப மூணாவது ஆள் எதுக்கு?" சரிங்க என்றாள். அவர் எதைச் சொன்னாலும் அவளுக்கு அந்த ஒரு சொல்தான். இப்போது கதவுக்குள்ளிருந்தும் அதே சொல் கேட்டது. "சரிங்க." பெனிட்டாவின் குரல். ஏழெட்டுச் சொட்டு விழுந்தது. "சரிங்க." பிறகு ஏதோ ஒரு முழு வாக்கியத்தைத் தொடங்கி, "இல்லைங்க, நான் என்ன சொல்ல வந்தேன்னா" என்றவள் அங்கேயே நிறுத்திக்கொண்டாள். தொடங்குவதும் நிறுத்துவதும். அந்த டியூப் முடிச்சைப் போல யாரோ அந்தப் பக்கம் இறுக்கிப் பிடித்திருக்கிறார்கள்.

பிலோமினா எழுந்தாள். கதவுப் பக்கம் இரண்டடி போனவள் திரும்பித் தொட்டிப் பக்கம் வந்தாள். நிற்பதற்கு ஓர் இடம் வேண்டுமே, தொட்டிமுன் நின்றாள். பாதாம் இலைச் சாற்றில் உள்ளே எல்லாம் அந்திவெயில் நிறத்தில் இருந்தது. மணல்மேல் இரண்டு கொட்டாங்குச்சி கவிழ்த்து வைத்திருந்தது, ஒன்று இந்த ஓரம், ஒன்று அந்த ஓரம். ஒன்றில் வாய் அகலமாக வெட்டியிருந்தது. இன்னொன்றில் ஒரே ஒரு சின்ன ஓட்டை. போன வாரம் பெனிட்டா பின்கட்டில் உட்கார்ந்து அரம் வைத்து அந்த ஓட்டையைத் தேய்த்துக்கொண்டிருந்தாள், நுனிவிரலை விட்டு விட்டுப் பார்த்தாள், பெரிதாகிவிடக் கூடாதாம். "எதுக்கும்மா இம்மாஞ் சின்ன வாசல்?" என்று பிலோமினா கேட்டதற்குத் தலை நிமிராமல், "ஆண் உள்ள நுழைய முடியக் கூடாதும்மா. பொண்ணுக்கு ஒளிஞ்சுக்க ஒரு எடம் வேணும்" என்றாள். பிலோமினா அங்கே கருவேப்பிலை உருவிக்கொண்டிருந்தாள். ஒரு இலையை உருவிவிட்டு அடுத்ததை உருவ மறந்து நின்றாள். அப்போதும் கேட்கவில்லை. மீனைப் பற்றித்தானே சொல்கிறாள். மீனுக்குத்தானே. இப்போது தொட்டிமுன் நிற்கும்போது அந்த இரண்டு கொட்டாங்குச்சிகளும் அவள் கண்ணை உறுத்தின. புதிதாகக் குடி வருகிற ஜோடிக்கு வந்த அன்றைக்கே இரண்டு வீடா? கல்யாணத்தன்று சாயங்காலம் சாமியார் வந்து புது அறையை மந்திரிக்கும்போது ஒரு கட்டில்தானே கிடந்தது, ஒரு பாய், ஒரு விளக்கு. ஆரம்பத்திலேயே பிரித்து வைத்தால் எப்படிச் சேரும்? மாப்பிள்ளையும் இந்தப் பெண்ணும் பேசிக்கொண்டிருக்கிற இந்த நேரத்தில், இந்தத் தண்ணீருக்குள், கணவனுக்கு ஒரு வீடு, மனைவிக்கு ஒரு வீடு. ஒரு அடையாளம் மாதிரி இருக்கிறதே. பாவம், பெனிட்டாவுக்கு அது தோன்றியிருக்காது. மாதாவே, என்று பிலோமினா மனசுக்குள் சொன்னாள், நான் இதை எடுத்துவிடுகிறேன், இதுகள் ஒரே வீட்டில் இருக்கட்டும், அவர்களும் ஒரே வீட்டில் இருக்கட்டும், இதை என் நேர்ச்சையாக வைத்துக்கொள். வேண்டிக்கொள்ளும்போதே வலது கை முழங்கைவரை தண்ணீருக்குள் போய்விட்டது. சின்ன ஓட்டை வைத்த கொட்டாங்குச்சியை எடுத்து, சொட்டச் சொட்ட மேசையோரம் வைத்தாள். எதையும் தொடாதே என்றாளே என்ற நினைப்பு அதற்குப் பிறகுதான் வந்தது. ஆனால் கையில் ஒரு நிம்மதி. ஏதோ செய்தாயிற்று.

திரும்பி வாளியைப் பார்த்தால் முடிச்சு நெகிழ்ந்திருந்தது. எப்போது நெகிழ்ந்தது? அவள் கை தொட்டிக்குள் போனபோது டியூப் அசைந்திருக்கும். சொட்டு இல்லை, நூலாக ஓடியது, கோடு மறைந்து தண்ணீர் அதற்கு மேலே ஏறிவிட்டது. "பெனி," என்றாள். கதவுக்குக் கேட்காத குரல். "பெனிம்மா, கோடு வந்துருச்சு." உள்ளே, "சரிங்க." அது அம்மாவுக்கா, அவருக்கா? அவருக்குத்தான். கதவருகே போய்க் கையைத் தூக்கினாள், மூணாவது ஆள் எதுக்கு, கையை இறக்கினாள். டியூப்பைப் பிடித்து மடக்கினால் நிற்குமா, இழுத்து எடுத்துவிடலாமா, எடுத்தால் தரையெல்லாம் தண்ணீர் ஊற்றுமோ. இழுத்தே விட்டாள். கொஞ்சம் ஊற்றிவிட்டு நின்றது. வாளிக்குள் பெண் மீன் மேலே வந்து வாயை வாயைத் திறந்தது. ஐயோ, மூச்சுக்கு இல்லையோ. தண்ணீர் வேகமாக வந்ததில் ஒத்துக்கொள்ளவில்லையோ. மெதுவாகத்தானே கொண்டுபோகச் சொன்னாள், ஒரு தண்ணியிலருந்து இன்னொரு தண்ணிக்குச் சட்டுன்னு போட்டா தாங்காதும்மா என்றாளே. பெனிட்டாவை மட்டும் எப்படிப் போட்டோம்? காலையில் பூசை, மதியம் விருந்து, மறுநாள் பீரோவும் மெத்தையும் மிக்ஸியும் ஏற்றின வேனில் அவளையும் ஏற்றிக் கோயம்புத்தூருக்கு அனுப்பினோம், பையைக் கிழித்து அப்படியே கொட்டின மாதிரி. வேன் கண்ணாடியில் கன்னத்தை வைத்துக்கொண்டு பார்த்தாளே. எல்லாருக்கும் அப்படித்தானே, எனக்கும் அப்படித்தானே. இல்லை, இப்போது அதை நினைக்கக் கூடாது, மீன் வாயைத் திறக்கிறது. பிலோமினா வலையை எடுத்தாள். முதலில் ஆணை அள்ளித் தொட்டிக்குள் கவிழ்த்தாள், வாளித் தண்ணீர் தொட்டியில் விழக் கூடாது என்று பெனிட்டா சொன்னது நினைவிருந்தது, வலையை உதறித்தான் விட்டாள். அப்புறம் பெண். வலைக்குள் அது ஒன்றுமே இல்லை, ஒரு புளியங்கொட்டை கனம் இருக்குமா. விட்டாள். வாயில் ஓடிக்கொண்டிருந்த மாதா ஜெபம், அருள்நிறை மந்திரம், பாதியிலேயே "இப்பொழுதும்" என்ற இடத்தில் சிக்கிக்கொண்டு மேலே போகவில்லை. இப்பொழுதும், இப்பொழுதும், இப்பொழுதும்.

முதலில் இரண்டும் மணல்மேல் இறங்கி அப்படியே கிடந்தன. செத்துப்போய்விட்டன என்றுதான் நினைத்தாள். பிறகு ஆண் செவுளை அசைத்தது. கொஞ்சம் நகர்ந்தது, ஒரு இலையை முகர்ந்த மாதிரி செய்தது, அகலவாய்க் கொட்டாங்குச்சியைச் சுற்றி வந்து உள்ளே எட்டிப் பார்த்தது. முதுகுத் துடுப்பு ஒவ்வொரு முள்ளாக எழுந்து நின்றது. நிறமும் வந்தது, கழுத்தோரம் நீலம், வாலோரம் சிவப்பு, பார்க்க அத்தனை அழகு. "ஆத்தா, மாதாவே," என்று பிலோமினா வாய்விட்டே சொன்னாள், கையெடுத்துக் கும்பிட்டாள். கும்பிட்ட கையைப் பிரிப்பதற்குள் அது பாய்ந்தது. பெண் இருந்த இடத்தில் மணல்தான் எழும்பியது. பெண் இலைக்கடியில் போனது, அங்கே வந்தது. அகலவாய்க்குள் போனது, பின்னாலேயே நுழைந்தது, கொட்டாங்குச்சி ஆடியது, பெண் வெளியே தெறித்தது, வாலில் ஒரு துண்டு இல்லை. மோட்டாருக்குப் பின்னால் போனது, அங்கேயும் வந்தது. ஆண் கடிக்கக்கூட இல்லை சில நேரம், பக்கத்தில் வந்து துடுப்பை விரித்துக்கொண்டு நிற்கும், அவ்வளவுதான், பார்க்கிறவர்களுக்கு அலங்காரமாகத்தான் இருக்கும், பெண் உடம்பை ஒடுக்கிக்கொள்ளும். தோளை ஒடுக்குகிற மாதிரி. மீனுக்குத் தோள் ஏது? பிலோமினா மேசையோரத்தில் வைத்திருந்த கொட்டாங்குச்சியைத் தேடி எடுத்தாள், இருந்த இடத்திலேயே திரும்ப வைத்துவிடலாம் என்று கையை உள்ளே விட்டாள், கையைக் கண்டதும் இரண்டும் பதறிக் கண்ணாடியில் மோதின, கொட்டாங்குச்சி கையைவிட்டு நழுவி மல்லாந்து விழுந்தது. ஓட்டை மணலுக்குள். கிண்ணம் மாதிரி வானத்தைப் பார்த்துக்கொண்டு. அதைப் புரட்டப் போனால் மீண்டும் பதறும். புரட்டாவிட்டால் ஒளிய இடமில்லை. பெண் மீன் மேல் மூலையில், தண்ணீரும் கண்ணாடியும் சேருகிற இடத்தில், தலையை மேலே தூக்கி ஒட்டிக்கொண்டு நின்றது. அதற்கு மேல் போக இடமில்லை. ஆண் கீழே சாவகாசமாக ஒரு சுற்று வந்தது. அவசரம் ஒன்றும் இல்லை அதற்கு. சுற்றிலும் கண்ணாடி.

பிலோமினா கையை வெளியே எடுத்தாள். முழங்கையிலிருந்து தண்ணீர் அவள் பாதத்தில் விழுந்தது. கேட்கவே வேண்டாம், பதில் வந்துவிட்டது. தண்ணீரைப் பழுக்கவைத்து, அரத்தை வைத்துத் தேய்த்துத் தேய்த்து இந்தப் பெண் மாதக்கணக்கில் பதில்தான் சொல்லிக்கொண்டிருந்தாள். மாதாவே என்று கூப்பிட்டாள். என்ன கேட்பது, சற்று முன்புதானே எதிராகக் கேட்டாள், ஒரே வீட்டில் இருக்கட்டும் என்று. அதைத் திருப்பி எடுத்துக்கொள்ள முடியுமா, நேர்ச்சையைத் திருப்பி எடுக்க வழி உண்டா, சாமியாரிடம் கேட்க வேண்டும், சாமியாரிடம் இவர் அல்லவா போயிருக்கிறார், இந்நேரம் தேதி குறித்திருப்பார்கள். உள்ளே, "சரிங்க." அந்தக் குரல் மிகவும் சின்னதாகிவிட்டிருந்தது. மூணாவது ஆள் எதுக்கு, மூணாவது ஆள் எதுக்கு என்று முனகிக்கொண்டே பிலோமினா நடந்தாள், கதவைத் தட்டவில்லை, தள்ளினாள், அது திறந்துகொண்டது. கட்டிலில் யாருமில்லை. நாற்காலியில் யாருமில்லை. பீரோவுக்கும் சுவருக்கும் நடுவில் ஒரு ஆள் உட்கார முடியாத இடுக்கில் பெனிட்டா முழங்காலைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள், போன் காதோடு ஒட்டியிருந்தது, மாப்பிள்ளையின் குரல் வெளியே கசிந்தது, அதே தன்மையான குரல், கத்தவில்லை, திட்டவில்லை, சின்னப்பிள்ளைக்குப் பாடம் சொல்கிற மாதிரி நிறுத்தி நிறுத்தி, "அப்புறம் என்ன நடக்கும்னு உனக்கே தெரியும்ல? தெரியும்ல பெனி? சொல்லு, தெரியும்னு சொல்லு." பெனிட்டா அம்மாவைப் பார்த்தாள். பயந்தாள். அம்மாவைப் பார்த்துத்தான் பயந்தாள், தன்னை இப்படிப் பார்த்துவிட்டாளே என்று. "மீன்?" என்று உதட்டை மட்டும் அசைத்தாள். கொட்டாங்குச்சியை நான் எடுத்துவிட்டேன் என்று சொல்லவா, அது மூலையில் நிற்கிறது என்று சொல்லவா. பிலோமினா ஈரக் கையை நீட்டினாள். பெனிட்டா கொடுக்கவும் இல்லை, இழுத்துப் பிடிக்கவும் இல்லை. போன் வந்துவிட்டது. அது சூடாக இருந்தது. காதில் வைத்தால் அந்தப் பக்கம் ஒரு மூச்சு, காத்திருக்கிற மூச்சு, என்னென்னவோ கேட்க வேண்டும், என் பிள்ளைக்கு என்ன செய்தீர்கள் என்று கேட்க வேண்டும், முழுக்கைச் சட்டையைக் கேட்க வேண்டும், எந்தக் காலத்திலும் மாப்பிள்ளையிடம் நலமா சாப்பிட்டீங்களா தவிர எதுவும் பேசிப் பழகாத வாய். "யாரு, அத்தையா?" என்றார் அவர். பெனிட்டா இடுக்கிலிருந்து எழுந்து சுவரைப் பிடித்துக்கொண்டு கூடத்தைப் பார்த்து நடந்தாள்.

"நான்தான் மாப்பிள்ளை. பெனிக்கு இங்க மீன் வேலை கிடக்கு. போனை வச்சிடுங்களேன்."